காரைக்குடியில் ஆஸ்பத்திரி இருக்க, மதுரைக்கு ஏன் பஸ் ஏறுகிறார்கள்?

வணக்கம் மக்களே. பின்னால் தெரிவது கானாடுகாத்தானில் எங்கள் உறவினர் வீட்டு வளவு, அதாவது உள்முற்றம். நடுநடுவே புறா சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் என்னதான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். என் துறை மருத்துவ உளவியல். விபத்து, அடி உதை, வீட்டில் ஒரு தற்கொலை, இப்படி ஒன்றைக் கண்டவர்களுக்கு அப்புறம் மனதில் என்ன நடக்கிறது, உதவி தேடிப் போகிறார்களா, போகாவிட்டால் எது தடுக்கிறது. இதைத்தான் பார்க்கிறேன்.

ட்ராமா, அதாவது இப்படி மனதில் விழுந்த காயம், என்றால் எப்போதும் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். நடந்தது கனவில் வரும், பட்டப்பகலில் கண்முன் வரும். சின்ன சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். சிலர் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்த கதை இந்தப் பக்கம் பல குடும்பங்களில் உண்டு. விட்டு வந்த வயல், கடை, வரவேண்டிய வட்டி எல்லாவற்றையும் கணக்காகச் சொல்வார்கள். நடந்து வந்த வழியைக் கேட்டால், "அது கிடக்கட்டும், நீ சாப்பிடு" என்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் நோய் என்று சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எங்கள் ஊருக்குப் பழகிப்போனது, அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2015-16-ல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான கோளாறு உள்ளவர்களில் 100-க்கு சுமார் 85 பேர் சிகிச்சை இல்லாமல் இருந்தார்கள். தமிழ்நாடும் அந்த 12-ல் ஒன்று. கேட்டதும், "டாக்டர் போதாது, ஆஸ்பத்திரி தூரம்" என்பார்கள். டாக்டர் போதாதுதான். ஆனால் தூரம் என்ற பேச்சை இங்கே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காரைக்குடியில் இருந்துகொண்டே மதுரைக்கு பஸ் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்துக்காகவே போகிறார்கள்! உள்ளூரில் ஓபி சீட்டு வரிசையில் பின்னால் நிற்பது பங்காளி வீட்டு ஆச்சியாக இருக்கும். மெடிக்கல் கடைக்காரர் சீட்டைப் பார்த்ததும் "யாருக்கு?" என்பார். பெண்ணுக்கு ஜாதகம் கொடுத்திருக்கும் நேரம் வேறு. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவில் ரகசியம் காப்பதை நோயாளியின் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. அது டாக்டரைக் கட்டும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வாயைக் கட்டாது.

அதனால்தான் பக்கத்து புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2010-ல் தொடங்கிய பஸ் எனக்குப் பிடிக்கும். பஸ்ஸுக்குள்ளேயே ஒரு அறை, அதில் ஒரு திரை. மனநல மருத்துவர் சென்னையில் இருந்தபடியே பேசுவார். மருந்தும் பஸ்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கும். திரையில் டாக்டர் வருவதைவிட அந்த மருந்து விஷயம்தான் பெரிது என்பேன். மெடிக்கல் கடைப் படி ஏற வேண்டாமே!

வீட்டில் போய்ப் பேட்டி எடுப்பது தனிக் கூத்து. இவ்வளவு பெரிய வீடு, ஆனால் வளவில் கிசுகிசுத்தால் பின்னால் இருக்கும் ரெண்டாங்கட்டில் கேட்கும். ஒரு ஆச்சி, கணவர் அடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன்.) மாமியார் காபியோடு வந்தார். ஆச்சி குரல்கூட மாறாமல், "உழக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதுமேல கோபுரமா உளுந்து..." என்று வெள்ளைப் பணியாரத்துக்குத் தாவிவிட்டார். நானும் கர்மசிரத்தையாக எழுதிக்கொண்டேன். குடும்ப வன்முறை ஆய்வுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பு நெறிகளிலும் இது இருக்கிறது: யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்று. எங்களுக்குப் பயிற்சி வைத்துச் சொல்லித் தந்தார்கள். ஆச்சிக்கு யார் சொல்லித் தந்தது?

உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ், எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய, போனிலேயே மனநல உதவி தரும் அரசு சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். வளவில் நின்று பேசாதீர்கள், மாடிக்குப் போங்கள். மருத்துவ உளவியலாளரை நேரில் பார்ப்பதானால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபித்துக்கொள்கிறவரிடம் போக வேண்டாம்.

அப்புறம், கீழே கமெண்டில் சொந்தக் கதையை எழுதாதீர்கள். பெயரை மாற்றி எழுதினாலும் நம் ஊர்க்காரர்கள் எந்த வீடு என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.