தண்ணி டப்பா ஏன் ஒழுகுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். கொல்லையில் பத்து, பதினைந்து நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் தீவனத்தைப் பற்றி நிறையக் கேட்பார்கள். தண்ணீர் வைக்கும் டப்பாவைப் பற்றிக் கேட்பது அபூர்வம். ஆனால் வளர்ந்த கோழி ஒன்று ஒரு நாளைக்குக் ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். கத்திரி வெயிலில் அது இரட்டிப்பாகும். அந்தத் தண்ணீர் தடைப்பட்டால் முதலில் குறைவது முட்டைதான்.

கடையில் விற்கும், தட்டின் மேல் கவிழ்த்து வைக்கிற டப்பாவையே எடுத்துக்கொள்வோம். தட்டில் தண்ணீர் குறைந்ததும் டப்பாவின் ஓட்டை வெளியே தெரியும். அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், தண்ணீர் கீழே இறங்கும். தண்ணீர் ஏறி ஓட்டையை மூடியதும் காற்று நின்றுவிடும், தண்ணீரும் நின்றுவிடும். ஆக, ஒழுகுகிற டப்பாவில் தேட வேண்டியது காற்று நுழையும் வழியை.

எப்போதும் நிற்காமல் வழிகிறதா? டப்பாவில் எங்கோ மயிரிழை விரிசல் இருக்கும். காலி டப்பாவைக் கவிழ்த்தபடியே வாளித் தண்ணீருக்குள் அழுத்திப் பாருங்கள், சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல. ஓட்டையிலிருந்து வரும் குமிழி அடங்கிய பிறகும் வேறோர் இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பினால் விரிசல் அங்கேதான். எம்-சீல் வைத்து அடைத்தால் கொஞ்ச நாள் ஓடும். ஆனால் வெயிலில் நைந்துபோன பிளாஸ்டிக் அடுத்து வேறோர் இடத்தில் விடும். புதிதாக வாங்கிவிடுவதே மேல்.

பாட்டிலில் நீங்களே ஓட்டை போட்டுச் செய்ததென்றால், ஓட்டை தட்டின் விளிம்பைவிட அரை விரற்கடையாவது கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் என்ன செய்தாலும் வழியும். ஒரு பக்கம் மட்டும் வழிந்தால் தரை சாய்வு, செங்கல்லைச் சரிசெய்தால் போதும்.

பலரைக் குழப்புவது இன்னொன்று. காலையில் ஒழுங்காக இருக்கும் டப்பா மதியம் வழியும். பாதி காலியான டப்பாவுக்குள் இருக்கும் காற்று வெயிலில் சூடேறி விரிந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது. டப்பாவில் குறை எதுவும் இல்லை, வைத்த இடம்தான் தப்பு. காலை எட்டு மணி நிழலை நம்பாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து அங்கே வையுங்கள். பாசி பிடிப்பதும் குறையும்.

வழிகிற தண்ணீரை லேசாக எண்ண வேண்டாம். தரையில் பரப்பிய உமி நனைந்தால்தான் அதில் கிடக்கும் இரத்தக்கழிச்சல் கிருமி நோய் பரப்பும் நிலைக்கு வரும், குஞ்சுகளைக் கொத்துக்கொத்தாகக் கொண்டுபோகும்.

டப்பா நிறைய இருந்தும் தட்டு காய்ந்து கிடந்தால் ஓட்டையில் உமியோ வழவழப்பான அழுக்கோ அடைத்திருக்கும். கோழி கிளறிப் போடுவதுதான் காரணம். தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வருமாறு தூக்கி வையுங்கள். சின்னக் குஞ்சுகளுக்குத் தாழ்வாக வைத்து, தட்டில் கூழாங்கல் போடுங்கள், விழுந்து மூழ்காது.

நாமக்கல் பண்ணைகளில் இருக்கிற, கோழி கொத்தினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் நிப்பிள் குழாய் இப்போது வீடுகளுக்கும் வந்துவிட்டது. போர் தண்ணீர் உப்புப் படிந்து அடைத்துக்கொள்வதுதான் அதில் பெரிய தொல்லை. தினமும் ஒவ்வொரு நிப்பிளையும் விரலால் தட்டிப் பாருங்கள். சொட்டு வராவிட்டால் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுக் கழுவுங்கள்.

அப்புறம், வெள்ளைக்கழிச்சலுக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். அது உயிருள்ள மருந்து, குளோரின் பட்டால் செத்துவிடும். பிளீச்சிங் பவுடர் போட்டு டப்பா கழுவும் வேலையை இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். மருந்து கலக்க குளோரின் கலக்காத கிணற்றுத் தண்ணீரே நல்லது.

நன்றி, வணக்கம்.