சாமைக்கு எதிரி உமிதான்

வணக்கம். சத்தான பயிர்களைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். சிறுதானியத்தில் என்னென்ன சத்து என்று பட்டியல் படிக்கப் போவதில்லை, அதெல்லாம் இப்போது பிஸ்கட் பாக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. நான் பேச வந்தது உமியைப் பற்றி.

நாமக்கல் பக்கம் கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போக வேண்டும். அங்கே சரிவு நிலத்தில் மழையை மட்டும் நம்பி சாமையும் தினையும் பனிவரகும் விளைந்துகொண்டிருந்தன. அப்புறம் மரவள்ளி ஏறி வந்தது, கீழே சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்குக்குக் காசு கொடுத்தன, சாமைக் காடு சுருங்கிப்போனது. காசுதான் காரணம் என்பார்கள். பாதி உண்மை. மீதியை உலக்கை பிடித்த பெண்களிடம் கேட்க வேண்டும்.

சாமை மணி நெல்லைவிட ரொம்பப் பொடி, உமியோ இறுக்கமாகப் பிடித்திருக்கும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாததை மறுபடி குத்தி, இத்தனைக்குப் பிறகுதான் உலையே வைக்க முடியும். வரகுக்கு இன்னும் பாடு, உமி அடுக்கடுக்காக இருக்கும். கேழ்வரகுக்கு இந்தத் தொல்லையே இல்லை, கதிரடித்துப் புடைத்தால் நேராக மாவரைக்கக் கொண்டுபோகலாம். தருமபுரிப் பக்கம் களி இன்னும் பிழைத்திருக்க இதுவும் காரணம் என்பது என் கணிப்பு. 2023இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கொடுக்க ஆரம்பித்ததும் கேழ்வரகைத்தான்.

கொல்லிமலையில் சிறுதானியத்தை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருஷம் வேலை செய்தது. விதை, சந்தை எல்லாம் இருந்தாலும், ஊருக்குள்ளேயே உமி நீக்கும் மெஷின் வைத்து மகளிர் குழுக்களிடம் விட்டதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

சரி, மெஷின் வந்தால் முடிந்ததா? தீட்டத் தீட்ட சாமை வெள்ளையாகும், நாரும் இரும்புச்சத்தும் உமிக்கு அடியில் மணியோடு ஒட்டியிருக்கும் தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடும். தவிட்டை விட்டுவைத்தாலோ அதிலுள்ள எண்ணெய் காறிப்போகும், அதனால் கடைக்காரர் வெள்ளையாகவே கேட்கிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது, கோபுரக் கலசத்தில் வரகு போட்டு வைத்தவர்களுக்குத் தெரியாததா! ஆகவே உமியோடு குதிரில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது உள்ளூரிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அரைப்பதுதான் சரிப்படும்.

டவுனில் இருப்பவர்கள் கடையில் தவிடு போகாத பழுப்பு நிறச் சாமை கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் அரைக் கிலோ போதும், மாதக்கணக்கில் டப்பாவில் வைக்காதீர்கள்.