டீச்சரம்மாவின் ஏடுகள்

சபையோருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் ஸ்தோத்திரம்.

ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் காலமானால் அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசிக்கிறோம். பிறந்த தேதி, விவாகம், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். முடிவில் ‘ஜெபவீரர், அன்பின் தாய்’ என்று ஒரு வரி. ஒரு ஊருக்கே எழுத்தறிவித்த பெண்ணுக்கு இது போதாது. அவர் என்ன வேலை செய்தார், எப்படிச் செய்தார் என்று தெரிந்தால்தான் அது வாழ்க்கை வரலாறு. அதற்கான ஏடுகள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேகரங்களிலும் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) பழைய மிஷன் பள்ளிகளிலும் இன்னும் இருக்கின்றன. கரையானுக்கு முன்னால் நாம் போய்ச் சேர வேண்டும்.

இந்த மண்ணில் பெண்கள் முன்னின்று பணி செய்வது பழைய மரபு. தஞ்சாவூரிலிருந்து வந்த குளோரிந்தா அம்மையார் பாளையங்கோட்டையில் எழுப்பிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை ஆயிற்று. இந்தியாவுக்கே வராத இங்கிலாந்துப் பெண்மணி சாரா டக்கர் அம்மையாரின் பெயரில் அதே ஊரில் பெண்களுக்கு ஆசிரியப் பயிற்சி நடந்து, 1895இல் கல்லூரியும் வந்தது. இவர்கள் பெயர் கல்லிலும் பலகையிலும் நிற்கிறது. ஆனால் கிராமங்களில் பெண்பிள்ளைகளைச் சேர்த்துவைத்துப் படிப்பித்தவர்களில் எத்தனையோ பேர் பழைய அறிக்கைகளில் வெறும் ‘உபதேசியார் மனைவி’, அதாவது சபை ஊழியரின் மனைவி. பெயர் இல்லை, பல இடங்களில் சம்பளமும் இல்லை. அந்தத் தவறை நம் தலைமுறையும் செய்யக் கூடாது.

முதலில் ஞானஸ்நானப் பதிவேடு. பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, பெற்றோர் பெயர், ஊர், தகப்பனின் தொழில் எல்லாம் அதில் கிடைக்கும். இந்தப் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் திகைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது, வயது பொருந்துவதற்காக மே, ஜூன் மாதத்தில் ஏதோ ஒரு தேதியைப் போட்டுவிடுவது சகஜம். ஞானஸ்நானம் குழந்தைப் பருவத்திலேயே நடந்திருந்தால் ஆலயத் தேதியையே நம்புங்கள். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து எடுத்தது என்றும் குறித்துவிடுங்கள்.

அடுத்தது விவாகப் பதிவேடு. என் பார்வையில் இந்த ஆராய்ச்சியின் உயிரே இதுதான். 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவ விவாகச் சட்டத்தின் படிவத்தில் மணமக்களின் வயது, தொழில், குடியிருக்கும் ஊர், தகப்பன் பெயர் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் உண்டு. கீழே மணமக்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். டீச்சரம்மாவின் பதிவை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடாதீர்கள். அவருடைய தாயாரின் பதிவையும் தேடுங்கள். தாயாரின் பெயருக்கு நேரே பெருவிரல் ரேகையோ ஒரு பெருக்கல் குறியோ இருந்து, மகளின் பெயருக்கு நேரே உருண்டு திரண்ட கையெழுத்து இருந்தால், ஒரே தலைமுறையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல வேறு சாட்சி வேண்டாம். தொழில் கட்டத்தையும் கவனியுங்கள். மணமகன் கட்டத்தில் தொழில் எழுதியிருக்கும். மணமகள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாலும் அந்தக் கட்டத்தில் வெறும் கோடு போட்டிருக்கலாம். அந்தக் கோட்டை நம்பி ‘விவாகத்துக்குப் பிறகுதான் வேலைக்குப் போனார்’ என்று எழுதிவிடக் கூடாது.

அதைத் தீர்த்துவைப்பது பணிப்பதிவேடு, வழக்கத்தில் எஸ்.ஆர். புத்தகம். சேர்ந்த நாள், மாறுதல், ஊதிய உயர்வு, பிரசவ விடுப்பு எல்லாம் தேதியோடு இருக்கும். ‘ஹையர் கிரேடு’ என்றால் எட்டாம் வகுப்போடு பயிற்சி முடித்தவர். ‘செகண்டரி கிரேடு’ என்றால் எஸ்.எஸ்.எல்.சி. தேறிப் பயிற்சி பெற்றவர். சம்பளமும் அதற்கேற்ப மாறும். இங்கே அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. 1957 ஏப்ரலுக்கு முன் ‘35-8-0’ என்றிருந்தால் அது முப்பத்தைந்து ரூபாய் எட்டணா. பதினாறு அணா ஒரு ரூபாய் ஆகையால் இன்றைய கணக்கில் 35.50. அதை 35.80 என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பள்ளியின் வருகைப் பதிவேடு கிடைத்தால் பொக்கிஷம். பனங்காட்டு ஊர்களில் பதநீர்க் காலத்தில் குடும்பம் குடும்பமாக விடிலிக்கு (பனங்காட்டில் போடும் தற்காலிகக் குடிசைக்கு) போய்விடுவார்கள்; கோடை விடுமுறைக்கு முன்னும் பின்னும் வரிசையாக ஆப்சென்ட் விழும். விடிலி வரைக்கும் நடந்துபோய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்த டீச்சர்கள் உண்டு. அப்படி ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டால், அந்த மாதங்களை அவர் வருவதற்கு முந்திய வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிவைத்த மதிய உணவும் 1982இல் வந்த சத்துணவும் வருகையை ஏற்றியிருக்கும். அதையெல்லாம் டீச்சரம்மாவின் கணக்கில் சேர்த்துவிட்டால் அவருக்கு நாம் செய்வது மரியாதை அல்ல.

ஆலயத்துப் பக்கம், ஓய்வுநாள் பள்ளிப் பட்டியலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மினிட் புத்தகமும் போதும். வீடுதோறும் காணிக்கையாக எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசி யார் பொறுப்பில் இருந்தது, அசனத்துக்கு (சபையார் கூடி உண்ணும் விருந்துக்கு) யார் கணக்கு எழுதினார் என்பதெல்லாம் மினிட்டில் வரும்.

பெயர்க் குழப்பத்துக்குத் தயாராக இருங்கள். ஞானஸ்நான ஏட்டில் ‘எஸ்தராள்’, பள்ளியில் ‘எஸ்தர்’, வீட்டில் ‘பாக்கியம்’. இனிஷியல் விவாகத்துக்கு முன் தகப்பனுடையது, பிறகு கணவனுடையது. ஒரே ஊரில் இரண்டு ஞானம்மாள் ஆசிரியைகள் இருந்தால், தகப்பன் பெயரை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

வீட்டு வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் பிறப்பு இறப்பு எழுதியிருப்பார்கள். மையைப் பாருங்கள். எல்லா வரியும் ஒரே மை, ஒரே எழுத்து என்றால் பிற்பாடு உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியதாக இருக்கலாம். பேனாவும் கையும் வரிக்கு வரி மாறினால் அந்தந்தச் சமயத்தில் எழுதியது. அதற்கு மதிப்பு அதிகம். தாள் கிழிந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஜன்னல் ஓரத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்தால் மங்கின எழுத்தும் தெரியலாம்.

ஏடு பேசாததை மனிதர்களிடம் கேட்க வேண்டும். ‘அவங்க எப்படிப்பட்டவங்க?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷி’ என்பதோடு நின்றுவிடும். ‘முதல்ல எழுதினது மணல்லயா, சிலேட்லயா?’ ‘வாசிக்க வராத பிள்ளைய எங்க உட்கார வைப்பாங்க?’ என்று கேளுங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது துதிக்கை போட்ட ‘லை’, ‘னை’ போய்ப் புது எழுத்து வந்தது. கரும்பலகையில் புதிது எழுதிய டீச்சர் வீட்டுக் கடிதத்தில் எதை எழுதினார்? இப்படிக் கேட்டால் பழைய மாணவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

குடும்பத்தாரிடம் கேட்கும்போது கடினமானதையும் கேளுங்கள். நிர்வாகம் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மாற்றும். கணவருக்கு ஒரு ஊர், மனைவிக்கு ஒரு ஊர். பிள்ளைகள் ஆச்சி வீட்டிலோ போர்டிங்கிலோ வளர்ந்தார்கள். மற்றவர் பிள்ளைகளுக்குக் கிடைத்த அம்மா எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று ஒரு மகள் சொன்னால், அதை வெட்டாமல் எழுதுங்கள். கொழுந்தன் மக்களுக்கும் தம்பி மக்களுக்கும் யார் ஃபீஸ் கட்டியது என்பதற்கு மணியார்டர் ரசீதுகள் டிரங்குப் பெட்டியில் இருக்கும்.

எழுதி முடித்ததும் மூன்று பிரதி எடுங்கள்: சேகர அலுவலகத்துக்கு ஒன்று, அவர் அதிக வருஷம் வேலை பார்த்த பள்ளிக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. எந்தத் தகவல் எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கடைசித் தாளில் எழுதி, எடுத்த தேதியையும் போட்டுவிடுங்கள். ஏட்டைத் திறக்கச் சேகர குருவானவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏடு ஆலயத்தைவிட்டு வெளியே போகக் கூடாது.