கேட்டுவிட்டுக் காத்திருப்பது

நேயர்களுக்கு வணக்கம். ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நல்ல தலைமை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எனக்கு அது எப்படிப் பிடிபட்டது என்பதைச் சொல்கிறேன்.

தலைமைப் பொறுப்பேற்ற முதல் ஆண்டு. காலாண்டுத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் தேறவில்லை. கணித ஆசிரியையை அறைக்கு அழைத்தேன். பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாதவர். உட்காரச் சொன்ன கையோடு, என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "சரிங்க மேடம்" என்பதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. அரையாண்டுத் தேர்விலும் மதிப்பெண்கள் அப்படியேதான் இருந்தன.

அந்த விடுமுறையில் என் தாயாரைக் கண்புரை அறுவைக்காக மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். வீட்டுக்குக் கிளம்பும்போது ஓர் இளம்பெண், சொட்டு மருந்து விடும் முறையை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு, "நான் சொன்னதை நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள் அம்மா" என்றார். அம்மா தடுமாறினார். அந்தப் பெண் குறுக்கிடவே இல்லை. மருந்துப் புட்டியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். அம்மா தானாகவே நினைவுகூர்ந்து சொன்னார். நான் ஒன்பதாம் வகுப்பையும் அந்த ஆசிரியையின் குனிந்த தலையையும் நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இளம் வயதிலேயே முடக்குவாதம் அவருடைய விரல்களை முறுக்கிப் போட்டுவிட்டது. அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர் அவர். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். அமெரிக்காவில் ஹாம்பர்கர் கடைகளைப் பார்த்தபோது, ஊருக்கு ஊர் ஒரே தரத்தில் ஒரு பொருளை இவர்களால் எப்படிக் கொடுக்க முடிகிறது, கண் சிகிச்சையையும் ஏன் அப்படிக் கொடுக்கக் கூடாது என்று யோசித்தவர். அவ்வளவு பெயர் பெற்ற மருத்துவர் ஒரு பலகாரக் கடையிடம் பாடம் கேட்டிருக்கிறார்! அறுவை அரங்கில் ஒரு மேசையில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்து வைக்கும் முறை அங்கே வேரூன்றியது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களை இரண்டு ஆண்டுகள் பழக்கி, பார்வைப் பரிசோதனை முதல் அறுவைக்கான ஆயத்தம் வரை அவர்கள் கையில் ஒப்படைத்தார்கள். என் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்த பெண்ணும் அந்த வழியில் வந்தவராகத்தான் இருக்க வேண்டும். டாக்டருக்கு நாட்குறிப்பு எழுதும் வழக்கமும் இருந்திருக்கிறது. தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்ளும் இடமாக அதை வைத்திருந்தார்.

பள்ளி திறந்ததும், ஆசிரியையிடம் அனுமதி கேட்டு அவர் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். இயற்கணிதப் பாடம். கரும்பலகையை அவர் சீக்கிரமே அழித்துவிடுகிறார், பின்னால் இருப்பவர்களால் எழுதி முடிக்க முடியவில்லை என்று கண்டுகொண்டேன். சொல்லிவிட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, மாலையில் ஒன்று மட்டும் கேட்டேன்: "டீச்சர், இன்றைக்குப் பிள்ளைகளின் முகம் எந்த இடத்தில் மாறியது?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மேசை மீதிருந்த சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தார். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்று சொல்லி மாளாது. கடைசியில், "பின்னம் வந்த இடத்தில் மேடம். ஐந்தாம் வகுப்பிலேயே அது அவர்களுக்குப் புரியாமல் போயிருக்கிறது. காலாண்டின்போதே எனக்குத் தெரியும்" என்றார்.

காலாண்டின்போதே தெரியுமாம். அன்று நான் அவரை வாய் திறக்க விட்டிருந்தால் மூன்று மாதங்கள் வீணாகியிருக்காது. கரும்பலகை அழிப்பதும் குறைதான், ஆனால் நோயின் வேர் அங்கே இல்லை. என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டேன். மதிய உணவுக்குப் பிறகு தினமும் 15 நிமிடம் பின்னம் மட்டும் நடத்துகிறேன் என்றார். காகிதத்தைத் தோசை போல வட்டமாக வெட்டி, அரை, கால், அரைக்கால் என்று மடித்துக் காட்டினார். முழு ஆண்டுத் தேர்வில் எல்லோரும் தேறினார்கள் என்று சொல்ல மாட்டேன். தேறாதவர்கள் ஐந்து பேர். ஐவரின் பெயரும், யாருக்கு எந்தப் படியில் சிக்கல் என்பதும் அவருக்கு அத்துப்படியாகியிருந்தது.

அன்றிலிருந்து நானும் ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொண்டேன். இன்று யாரிடம் கேட்காமலே சொன்னேன் என்று இரவில் ஒரே ஒரு வரி எழுதுவேன். முதல் மாதம் ஒரு நாள்கூட அந்த வரி காலியாக இருக்கவில்லை. சத்துணவு அமைப்பாளர், இரவுக் காவலர், என் சொந்த மகன் என்று பெயர்கள் நிரம்பின. மகன் பெயர்தான் அதிகம். பக்கங்கள் போகப் போக இடையிடையே வெற்று வரிகள் தென்பட ஆரம்பித்தன.

அந்த ஆசிரியை இப்போது வேறொரு ஊரில் தலைமையாசிரியை. போன மாதம் தொலைபேசியில் அழைத்து, தன் பள்ளியில் ஒரு சிக்கல் என்று நீளமாகச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் டீச்சர்?" என்றேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. நான் தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.