பாக்கி வாடகை வழக்கும் புதிய சட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வருவதற்குள் சட்டம் மாறிவிடுகிறது. இனி எந்தச் சட்டப்படி தீர்ப்பு வரும்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி 2019 பிப்ரவரி 22 அன்று எழுந்தது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அன்றோடு முடிந்து, 2017இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. "புதுச் சட்டம் வந்தாச்சு, பழைய கேஸ் செல்லாது" என்று யாரோ சொன்னதை நம்பி, மாத வாடகை கட்டுவதையே நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேதனையாக இருந்தது.

புதிய சட்டத்தின் 47ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது: பழைய சட்டத்தின்கீழ் நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே நடந்து முடியும். வேண்டுமானால் வழக்குப் போட்டவர் 180 நாளுக்குள் அதைத் திரும்பப் பெற்று, புதிய சட்டத்தில் மனு போடலாம். அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே இன்று மேல்முறையீட்டிலோ சீராய்விலோ இருக்கும் பழைய ஆர்.சி.ஓ.பி. (வாடகைக் கட்டுப்பாட்டு அசல் மனு) வழக்குகளுக்கு இன்னும் 1960 சட்டம்தான்.

எந்தச் சட்டமாய் இருந்தால் என்ன என்று கேட்கலாம். வேறுபாடு பெரிது. பழைய சட்டத்தில் வாடகை தரவில்லை என்பது மட்டும் போதாது. வேண்டுமென்றே தராமல் இருந்தாரா என்று நீதிமன்றம் பார்க்கும். வேண்டுமென்றே இல்லை என்று பட்டால், பாக்கியைக் கட்ட 15 நாள் வரை அவகாசம் கொடுக்கலாம். கட்டிவிட்டால் மனு தள்ளுபடி. உரிமையாளர் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தும் கட்டவில்லை என்றால், அது வேண்டுமென்றே செய்ததாகவே கொள்ளப்படும். உரிமையாளர் கையில் ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் இருந்து, அந்த உபரியே பாக்கியை ஈடுகட்டுமானால், அதையும் தற்காப்பாகச் சொல்லலாம். 1996இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றிருக்கிறது. புதிய சட்டத்தில் உள்நோக்கம் பற்றிய விசாரணையே இல்லை. இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டவில்லை என்றால் அதுவே காரணம்.

எல்லாத் திருத்தமும் இப்படிப் பழைய வழக்கைத் தொடாமல் போவதில்லை. குத்தகையை முடிக்கத் தரவேண்டிய நோட்டீஸ் பற்றிச் சொல்லும், சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவை 2002 டிசம்பர் 31 முதல் மாற்றியபோது, நிலுவை வழக்குகளுக்கும் அது பொருந்தும் என்று திருத்தச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நோட்டீஸில் நாள் குறைவு என்ற வாதத்தை மட்டும் நம்பியிருந்த பல வாடகைதாரர்களின் தற்காப்பு அதோடு போயிற்று. அதனால் எந்தத் திருத்தம் வந்தாலும் முதலில் அதன் கடைசிப் பிரிவுகளைப் படியுங்கள், அல்லது வக்கீலைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். நிலுவை வழக்கின் கதி அங்கேதான் இருக்கும்.

பழைய சட்டம் தொடர்கிறது என்றால் அதன் கண்டிப்பும் தொடர்கிறது. 11ஆவது பிரிவின்படி, வழக்கை எதிர்த்து வாதாட விரும்பும் வாடகைதாரர் பாக்கியையும் மாதாமாதம் வரும் வாடகையையும் கட்டிக்கொண்டே வரவேண்டும். போதிய காரணம் இல்லாமல் நிறுத்தினால், மேற்கொண்டு விசாரணை இல்லாமலே காலி செய்ய உத்தரவு வரும். எத்தனை நல்ல வாதம் கையில் இருந்தாலும் அதைக் கேட்க ஆள் இருக்காது.

அப்புறம், "வாடகை கொடுத்தேன், அவர்தான் வாங்கவில்லை" என்பவர்கள். இதற்குப் பழைய சட்டம் வரிசையாக வழி வைத்திருந்தது. முதலில் வங்கி விவரம் கேட்டு உரிமையாளருக்கு நோட்டீஸ். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மணியார்டர். அதையும் மறுத்தால்தான் நீதிமன்றத்தில் டெபாசிட். நடுவில் ஒரு படியைத் தாண்டி நேரே நீதிமன்றத்தில் பணம் கட்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. நிலுவை வழக்கில் இருப்பவர்கள் அந்த நோட்டீஸ் நகல், மணியார்டர் ரசீது, டெபாசிட் சலான் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி, அடுத்த வாய்தாவுக்கு முன்பே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள். வணக்கம்.