எந்த மாதத்துக் கூட்டம்?

நேயர்களுக்கு வணக்கம். பிரித்தானியப் பறவைகளையும் விலங்குகளையும் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, ஒரு கூட்டத்தைக் கண்டதும் முதலில் எழும் கேள்வி, இது எந்த மாதத்தில், எதற்காகச் சேர்ந்தது என்பதே.

டிசம்பர் மாதம் மாலை நான்கு மணியளவில், வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித் கடற்பாலத்தின்மேல் ஸ்டார்லிங் பறவைகள் கரும்புகைபோலச் சுருண்டும் விரிந்தும் பறக்கும். மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவைகளில், வட ஐரோப்பியக் குளிருக்குத் தப்பி வந்தவையும் கலந்திருக்கும். ரோம் நகரில் இத்தகைய திரள்களைப் படமெடுத்து ஆராய்ந்தவர்கள், ஒவ்வொரு பறவையும் தன்னைச் சுற்றியுள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புவதாக 2008இல் எழுதினார்கள். வல்லூறு பாய்ந்தால் எதைக் குறிவைப்பது என்று திகைக்கும். வசந்தம் வந்ததும் இத்திரள் கலைந்து, உள்ளூர்ப் பறவைகள் இணை இணையாகக் கூரை இடுக்குகளில் கூடு கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கூட்டமோ மிகச் சிறியது. உடலைவிட நீளமான வாலும், பத்து கிராமுக்கும் குறைவான எடையும் கொண்ட நீள்வால் சிட்டின் கூட்டம் அது. ஒரு ஜனவரி அந்தியில், என் வீட்டுப் பின்புற முள்வேலியில் ஒன்பது சிட்டுகள் ஒரே கிளையில் தோளோடு தோள் நெருக்கி அமர்ந்திருந்தன. ஓரத்தில் குளிரில் இருந்தது எழுந்து, மற்றவற்றின் முதுகில் ஏறி, நடுவில் புகுந்துகொண்டது. சற்று நேரத்தில் மறு ஓரத்தில் இருந்ததும் அவ்வாறே செய்தது. விரல்கள் மரத்துப்போகும்வரை நான் அங்கேயே நின்றேன். அவை பெரும்பாலும் உறவுப் பறவைகள்; வசந்தத்தில் தன் கூடு அழிந்துபோன சிட்டு, பலமுறை தன் உடன்பிறந்தானின் கூட்டுக்குச் சென்று குஞ்சுகளுக்கு இரை ஊட்டும். குளிர்காலத்தில் ஒட்டி உறங்கிய உறவு அங்கும் தொடர்கிறது. அதே வேலியில் ராபின் பறவை, பனிக்காலத்திலும் தன் எல்லையைத் தனியே காத்துப் பாடிக்கொண்டிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். மான்களைச் சுருக்கமாகவே சொல்ல இயலும். லண்டன் ரிச்மண்ட் பூங்காவின் செம்மான்களில், ஆண்டின் பெரும்பகுதி கலைகள் எனப்படும் ஆண்மான்கள் தனியாகவும், பிணைகள் எனப்படும் பெண்மான்கள் குட்டிகளோடு தனியாகவும் மேயும். செப்டம்பர் இறுதியிலிருந்து கலைகள் பிணைகளுக்காக முழங்கி மோதும். அப்போது செல்வோர் குறைந்தது 50 மீட்டர் விலகி நில்லுங்கள். வணக்கம்.