கண்டல் கன்று நடுவதற்கு முன்னால்

மன்னார் தீவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஐயாயிரம் கண்டல் (அலையாத்தி) கன்று தருவதாக ஓர் அமைப்பு சொல்கிறது. கரையோரச் சேற்றில் வெறுமையாக நிறைய இடம் கிடக்கிறது. நட்டுவிடலாமா?"

நல்ல கேள்வி. ஆனால் அவசரப்பட வேண்டாம் தம்பி. அந்த இடம் ஏன் வெறுமையாகக் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். கண்டல் காய் முருங்கைக்காய் மாதிரி நீளமாக, மரத்திலேயே முளைவிட்டு, விழுந்து, தண்ணீரில் மிதந்து போய்த் தானாகவே வேர்பிடிக்கிற சாமான். பக்கத்தில் தாய்மரங்கள் இருந்தும் ஓரிடத்தில் ஒரு கன்றுகூட வரவில்லை என்றால், அந்த நிலத்தில் ஏதோ ஒத்துவரவில்லை என்று பொருள்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் இலங்கையில் எத்தனையோ இடங்களில் கண்டல் நட்டார்கள். 23 இடங்களைப் பின்னர் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆயிரம் ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் ஏறத்தாழ 200 ஹெக்டேயர்தான் தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. அதைப் படித்தபோது எனக்கு மனசு கனத்துப்போனது. எத்தனை பேர் முழங்கால் சேற்றில் நின்று நட்டிருப்பார்கள்!

காரணம் பெரும்பாலும் இடம்தான். கண்டல், கடலின் சராசரி மட்டத்துக்கு மேலே, பெரிய பெருக்கு (கடல்நீர் ஏற்றம்) ஏறுகிற எல்லை வரைக்கும் உள்ள நிலத்தில் வளர்வது. அதற்குக் கீழே நட்டால் நாளில் பாதிக்கு மேல் நீரில் மூழ்கிக் கிடக்கும், கொட்டலசு (ஓடுள்ள சிறு கடலுயிர்) ஒட்டும், செத்துவிடும். நட்ட பிறகு யாரும் திரும்பிப் பார்க்காதது இன்னொரு காரணம். கட்டாக்காலி மாடுகள் மிதித்தே அழிந்த இடங்களும் உண்டு. உங்கள் தீவில் கழுதைகளும் சுற்றுகின்றன, அதையும் யோசியுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பக்கத்தில் இயற்கையாக நிற்கிற கண்டலுக்குப் போய், பெருக்கு நேரத்தில் அதன் அடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒரு தடியில் குறியுங்கள். அதே நேரத்தில் நடப்போகிற இடத்திலும் குறியுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நடலாம்.

சில இடங்களில் நடுவதற்கு முன் தண்ணீருக்கு வழிவிட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பிச்சாவரத்தில் முன்பு மொத்தமாக மரம் வெட்டிய பகுதிகளில் மண் வெயிலில் காய்ந்து, அமிழ்ந்து, தட்டுப் போலக் குழிந்துவிட்டது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் தேங்கி வற்ற, உப்பு ஏறி எதுவும் முளைக்கவில்லை. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டின. நீர் வந்து போகத் தொடங்கிய பிறகு நட்ட கன்றுகள் பிடித்தன. வாய்க்கால் தூர்ந்தால் அள்ள வேண்டும், அதற்கு ஊர்க்காரர்தான் வேண்டும்.

அப்புறம், இருக்கிற கண்டலைக் காப்பது. எனக்கு இதுதான் நடுவதைவிட முக்கியமாகப் படுகிறது. இறாலும் நண்டும் குஞ்சாக ஒளிந்து வளர்வது அந்த வேர்களுக்குள்தான். கரையோரக் குடும்பம் விறகுக்கு வெட்டினால், வேறு வழியில்லாமல்தான் வெட்டுகிறது. அதனால்தான் 2015இல் இலங்கையின் சுதீச, அமெரிக்காவின் சீகாலஜி ஆகிய அமைப்புகள் நம் அரசோடு சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், கரையோரப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் கொடுத்து, பதிலுக்குத் தங்கள் ஊர்க் கண்டலைக் காக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டார்கள். மரத்தை வெட்டாதே என்று சொல்வதோடு அடுப்புக்கும் பிழைப்புக்கும் ஒரு வழி காட்டுவது நியாயமானது.

ஆகவே உங்கள் சங்கக் கூட்டத்துக்கு விறகு பொறுக்கப் போகிற பெண்களையும் கூப்பிடுங்கள். வள்ளம் வைத்திருப்பவர்கள் மட்டும் பேசி முடிவெடுக்க வேண்டாம். கன்று தருகிற அமைப்பிடம், மூன்று வருடம் பராமரிக்கவும் செத்ததற்குப் பதில் நடவும் பணம் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஐயாயிரம் வேண்டாம், பார்த்துக்கொள்ள முடிகிற ஐந்நூறு போதும் என்று சொல்லுங்கள்.